அவுட்போர்டு மோட்டாரின் பெட்ரோலில் தண்ணீர்: டேங்கில் தொடங்குங்கள், கார்புரேட்டரில் முடியுங்கள்

கேள்வி சுருக்கமாக இது: படகின் பின்னால் மாட்டும் 40 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு, கார்புரேட்டர் வகை. கரையோரம் நன்றாக ஓடுகிறது. வெளியே போய் படகு அலையில் ஏறி இறங்கத் தொடங்கியதும் திணறி நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டு இழுத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே தண்ணீர். சுத்தம் செய்து மாட்டியும் அடுத்த முறையே அதே தொல்லை.

கார்புரேட்டரைச் சுத்தம் செய்ததில் தவறில்லை, ஆனால் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. தண்ணீர் டேங்கிலிருந்து வருகிறது. டேங்கின் அடியில் கிடப்பதை எடுக்காதவரை கார்புரேட்டரை எத்தனை முறை கழற்றினாலும் ஹோஸ் வழியாகப் புதிதாக வந்து சேரும். டேங்கில் தொடங்கி ஹோஸ், பல்ப் (ஹோஸின் நடுவில் கையால் அழுத்திப் பெட்ரோல் ஏற்றும் ரப்பர் உருண்டை), ஃபில்டர் என்று மோட்டாரை நோக்கி வாருங்கள்.

அலையில்தான் நிற்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் 720 முதல் 770 கிராம் வரை எடை இருக்கும். தண்ணீர் ஒரு கிலோ. அதனால் தண்ணீர் அடியில் தங்கும். டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சுகுழாய் தரையைத் தொடாது. ஏறக்குறைய இரண்டு செ.மீ. மேலேயே முடிந்துவிடும். 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம் உள்ள தட்டையான டேங்கில் ஒரு செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 5 லிட்டர். படகு அசையாதபோது அந்த 5 லிட்டரும் குழாய்க்கு எட்டாமல் கிடக்கும். அலையில் குலுங்கும்போதும், வேகம் எடுத்து அணியம் (படகின் முன்பக்கம்) தூக்கும்போதும் பின்பக்கம் ஓடித் திரண்டு குழாயின் வாயை மூடும். கரையில் எவ்வளவு நேரம் ஓட்டிப் பார்த்தாலும் பழுது தெரியாததற்கு இதுதான் காரணம்.

கார்புரேட்டருக்குள் நடப்பதும் இதே கதைதான். பெட்ரோல் தேங்கி நிற்கும் சிறு அறையான ஃப்ளோட் சேம்பரின் அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர் இருந்தால்கூட ஐட்லிங்கில் மோட்டார் ஓடிவிடும், ஏனென்றால் அப்போது இழுக்கும் பெட்ரோல் மிகக் குறைவு. த்ராட்டிலைத் திறந்ததும் அடியிலிருக்கும், பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட் வேலைக்கு வருகிறது. அதன் துளையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்து உட்காருகிறது. தண்ணீரின் பரப்பு இழுவிசை பெட்ரோலைப் போல மூன்று மடங்குக்கு மேல். அந்தச் சொட்டு எளிதில் நகராது, நகர்ந்து உள்ளே போனாலும் எரியாது. வேகம் கொடுத்தால் திணறல், குறைத்தால் சமாளிப்பு, மறுபடி கொடுத்தால் நிற்றல் என்ற வரிசை இப்படித்தான் வருகிறது.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. சுத்தமான, காய்ந்த ஒரு சிறிய டேங்கில் புதுப் பெட்ரோல் ஊற்றி, உங்கள் மோட்டாருக்குச் சொல்லப்பட்ட விகிதத்தில் எண்ணெய் கலந்து (50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி.), தனி ஹோஸும் தனி பல்பும் போட்டு நேராக மோட்டாரில் மாட்டுங்கள். கார்புரேட்டரின் அடித் திருகைத் திறந்து பழையதை வடித்துவிட்டு ஓட்டுங்கள். முழு வேகத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் மூச்சுமுட்டாமல் ஓடினால் மோட்டாரில் குற்றமில்லை. டேங்கும் அதன் குழாய்களும்தான் காரணம். அப்போதும் திணறினால் மோட்டாருக்குள் தேட வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பம்ப், காயில், பிளக் என்று வரிசையாக மாற்றிப் பணத்தை விடுவதுதான் வழக்கமாக நடப்பது.

திணறும் நேரத்தில் பிரைமர் பல்பையும் கையில் பிடித்துப் பாருங்கள். பல்ப் சப்பையாக உறிஞ்சப்பட்டிருந்தால் டேங்கின் காற்றுத் திருகு மூடியிருக்கிறது, அல்லது பல்புக்கு முன்னால் எங்கோ அடைப்பு. பல்ப் தொளதொளவென்று இருந்து, அழுத்த அழுத்த மோட்டார் பிழைத்துக்கொண்டால் காற்று கசிகிறது அல்லது மோட்டாரின் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் போய்விட்டது. பல்ப் சரியாக இருந்தும், அழுத்தியும் பயனில்லாமல் மோட்டார் சாகிறதென்றால் தண்ணீர், ஜெட் அடைப்பு, ஸ்பார்க் ஆகிய மூன்றில் ஒன்று.

அடுத்து, உள்ளே இருப்பது வெறும் தண்ணீரா, எத்தனால் (பெட்ரோலில் கலக்கும் ஆல்கஹால்) பிரிந்த கலவையா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு, இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

எத்தனால் இல்லாத பெட்ரோலில் தண்ணீர் கிட்டத்தட்டக் கரையவே கரையாது. அடியில் இறங்கிய தண்ணீரை எடுத்துவிட்டால் மேலே இருக்கும் பெட்ரோலைப் பயன்படுத்தலாம். 10 சதவீத எத்தனால் கலந்த இ10 பெட்ரோல் அப்படி இல்லை. 15 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 0.5 சதவீதத் தண்ணீரை அது தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும். 100 லிட்டருக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, மோட்டாரும் ஓடும். அந்த எல்லையைத் தாண்டினால், அல்லது எல்லைக்கு அருகில் இருக்கும்போது இரவில் குளிர்ந்தால், தண்ணீர் தனியாக இறங்காது. எத்தனாலில் பெரும்பங்கையும் இழுத்துக்கொண்டு இறங்கும். உள்ளே போன தண்ணீர் அரை லிட்டர்தான் என்றாலும் அடியில் பல லிட்டர் தேங்குவது இதனால்தான். மேலே மிஞ்சும் பெட்ரோல் எத்தனாலை இழந்ததால் ஆக்டேன் இரண்டு மூன்று புள்ளி குறைந்திருக்கும். அதன் மேல் புதுப் பெட்ரோல் ஊற்றிச் சரிக்கட்ட முயலாதீர்கள். பிரிந்ததைத் திரும்பச் சேர்க்கும் மருந்தும் கிடையாது. மேலடுக்கு, கீழடுக்கு எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டியதுதான்.

டூ-ஸ்ட்ரோக்காரர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. நீங்கள் கலந்த எண்ணெய் பெட்ரோலோடுதான் நிற்கும். கீழே இறங்கிய எத்தனால்-தண்ணீர் அடுக்கோடு போகாது. உறிஞ்சுகுழாய் கீழடுக்கை இழுத்தால் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் மசகு இல்லாத திரவம் போகிறது. வெறும் தண்ணீர் என்றால் மோட்டார் உடனே நின்று தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். எத்தனால் கலந்த கீழடுக்கிலோ அது இழுத்துப் பறித்துக் கொஞ்ச நேரம் ஓடப் பார்க்கும். அப்படி வறண்டு ஓடும்போதுதான் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடிக்கும். அலையில் திணறத் தொடங்கியதும் த்ராட்டிலை முறுக்கி முறுக்கி ஓட்டிக் கரைக்கு வர முயல்வதை நிறுத்துங்கள்.

உங்கள் பெட்ரோலில் எத்தனால் இருக்கிறதா என்று பார்க்க 100 மி.லி. அளவுக்குழாய் ஒன்று போதும். 10 மி.லி. தண்ணீர் ஊற்றி, 100 கோடு வரை பெட்ரோலை ஊற்றி, வாயை மூடிக் குலுக்கி, பத்து நிமிடம் நிற்கவிடுங்கள். கீழே தெரியும் கோடு 10-இலேயே நின்றால் எத்தனால் இல்லை. 19 அருகே ஏறியிருந்தால் இ10. இ20 என்றால் 28 வாக்கில் நிற்கும். சோதித்த பெட்ரோலை டேங்கில் திரும்ப ஊற்றாதீர்கள்.

இனி டேங்க். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தட்டில் போய்த் தேங்கும். ஆகவே முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், மூடிகளைத் திறந்து காற்றோட விடுங்கள், பெட்ரோல் தீக்கு ஏற்ற அணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். படகிலிருந்து தண்ணீர் இறைக்கும் சாதாரண மின்பம்பைப் பெட்ரோலுக்குப் பயன்படுத்தவே கூடாது. பெட்ரோலுக்கென்று உள்ள கைபம்ப் போதும். வடிக்கும் கேனை வண்டிக்குள்ளோ படகின் பிளாஸ்டிக் தளத்திலோ வைத்து நிரப்பாதீர்கள், நிலைமின்பொறி வரும். தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். ஹோஸை வாயில் வைத்து உறிஞ்சுவதும் வேண்டாம்.

கைக்கு அடங்கும் தனி டேங்க் என்றால் வேலை எளிது: ஓர் இரவு அசையாமல் சாய்த்து வைத்து, சாய்வின் அடி மூலையிலிருந்து பம்ப் செய்து, மிச்சத்தை ஒளி ஊடுருவும் கேனில் ஊற்றித் தெளியவிட்டு, டேங்கைக் கவிழ்த்து முழுக்கக் காயவிட வேண்டும். பொருத்தப்பட்ட டேங்கில் உறிஞ்சுகுழாய் வழியாக எடுத்துப் பயனில்லை. அது எட்டாத இடத்தில்தானே தண்ணீர் கிடக்கிறது. அளவுமானியின் தட்டைக் கழற்றுங்கள். வழக்கமாக ஐந்து சிறு திருகுகள் இருக்கும். திருகுகள் சமதூரத்தில் இருக்காது, ஒரே நிலையில்தான் தட்டு உட்காரும் என்பதால் கழற்றுவதற்கு முன் ஒரு குறி போட்டுக்கொண்டால் திரும்ப மாட்டும்போது நேரம் மிச்சம். படகையோ டிரெய்லரையோ சாய்த்து டேங்கின் எந்த மூலை தாழ்வு என்று பாருங்கள்; பம்பின் முனையில் விறைப்பான குழாய் ஒன்றைச் செருகி அந்த மூலை வரை இறக்குங்கள். வளையும் ரப்பர் குழாய் சுருண்டு மேலேயே நின்றுவிடும்.

முதலில் வருவதைக் கண்ணாடிச் சாடியில் பிடியுங்கள். பதினைந்து நிமிடம் வைத்தால் இரண்டு அடுக்கும் கோடு போட்டதுபோல் பிரிந்து தெரியும். எண்ணெய் கலந்த பெட்ரோலில் நிறம் குழப்பினால், தண்ணீரில் கரையும் உணவு நிறமியை இரண்டு சொட்டு விடுங்கள். அது பெட்ரோலில் கரையாமல் உருண்டையாக இறங்கி, கீழே தண்ணீர் இருந்தால் அதை மட்டும் நிறமேற்றும். கீழடுக்கு இல்லையென்றால் சொட்டு அப்படியே அடியில் கிடக்கும். வெறும் தண்ணீர் என்றால் பம்பில் மூன்று முறை தொடர்ந்து கீழடுக்கு இல்லாத பெட்ரோல் வரும்வரை எடுங்கள்; எத்தனால் பிரிந்த கலவை என்றால் முழுவதையும் எடுங்கள்.

சாடியில் பிரிந்த தண்ணீரில் சில சொட்டுகளைக் கறுப்புத் தகரத்தில் விட்டு, நெருப்பு காட்டாமல் காற்றில் உலரவிடுங்கள். வெள்ளைப் படலம் நின்றால் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்: கடல் தெறிப்பு மூடி வழியாகவோ காற்றுக்குழாய் வழியாகவோ வந்திருக்கிறது. கறையே இல்லையென்றால் மழை, அல்லது பெட்ரோல் வாங்கிய இடமும் கேனும். எங்கே அடைக்க வேண்டும் என்பதை இது சொல்லிவிடும். உப்புத் தண்ணீர் என்றால் இன்னொன்றும் தெரிகிறது: கார்புரேட்டரைத் தள்ளிப்போடக் கூடாது. அலுமினியமும் துத்தநாகமும் கலந்த அந்த உலோகத்தை உப்புத் தண்ணீர் சில நாளிலேயே அரித்து வெள்ளைப் பொடியாக்கும்.

டேங்க் முடிந்ததும் ஹோஸ். இரு முனையும் கழற்றி, தொங்கவிட்டு, மோட்டார் பக்கமாக வடியவிடுங்கள். ஹோஸின் தாழ்ந்த வளைவிலும் பல்புக்குள்ளும் நிற்கும் தண்ணீரைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அழுத்தினால் பிசுபிசுப்பாக இருக்கும் அல்லது உள்ளுறை உரிந்திருக்கும் ஹோஸை மாற்றிவிடுங்கள். டேங்க் வாயில் சைஃபன் தடுப்பு வால்வு (பெட்ரோல் தானாக வழிந்து ஓடாமல் தடுப்பது) இருந்தால் அதன் குண்டும் சுருளும் துருப்பிடித்துச் சிக்கியிருக்கிறதா என்று பார்க்கவும். பல்பில் உள்ள அம்புக்குறி மோட்டாரை நோக்கி இருக்க வேண்டும்; அழுத்தும்போது அம்பு மேல்நோக்கி இருக்கும்படி பிடித்தால்தான் உள்ளிருக்கும் வால்வுகள் ஒழுங்காக உட்காரும்.

மோட்டார் மூடிக்குள் இருக்கும் சிறு ஃபில்டர் கோப்பையையும் கழற்றிக் கொட்டுங்கள். சில மோட்டார்களில் அதற்குள் சிவப்பு வளையம் ஒன்று கிடக்கும். அது பெட்ரோலில் மூழ்கும், தண்ணீரில் மிதக்கும்; வளையம் அடியிலிருந்து எழுந்து நின்றால் கோப்பையில் தண்ணீர் இருக்கிறதென்று பொருள். கோப்பையைத் துடைத்து மாட்டும்போது ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) விட்டுவிடாதீர்கள். கோப்பை காற்றை இழுத்தால் தண்ணீர் போலவே திணறல் வரும், நீங்கள் மறுபடி டேங்கைச் சந்தேகிப்பீர்கள்.

இப்போது கார்புரேட்டர். மூன்று கார்புரேட்டர் இருந்தால் மூன்றின் அடித் திருகையும் திறந்து வடிக்க வேண்டும். கீழே இருப்பதில்தான் அதிகம் இருக்கும் என்று நினைத்து ஒன்றோடு நிறுத்தாதீர்கள். வடிவது தெளிவாக, பொடி இல்லாமல் இருந்தால் கழற்றவே வேண்டாம். பல்பை அழுத்தி இரண்டு முறை புதுப் பெட்ரோலால் கழுவினால் போதும். வெள்ளைப் பொடியோ பச்சைப் படிவோ வந்தால் கழற்றி, மெயின் ஜெட், பைலட் ஜெட் இரண்டையும் வெளியே எடுத்து, கார்புரேட்டர் ஸ்பிரேயும் அழுத்தக் காற்றும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் ஜெட்டின் அளவு மாறிப்போகும். ஊசி வால்வின் இருக்கையில் அரிப்பு விழுந்திருந்தால் கழுவிப் பயனில்லை, மாற்ற வேண்டும்.

பிளக்குகளைக் கழற்றிக் காயவைத்து மாட்டுங்கள். சுத்தமான தனி டேங்கில் ஓட்டிய பிறகும் ஒரே ஒரு சிலிண்டரின் பிளக்கில் மட்டும் தண்ணீர்த் துளி தொடர்ந்து வந்தால், அது பெட்ரோலோடு வந்த தண்ணீராக இருக்க வாய்ப்பில்லை. ஹெட் கேஸ்கெட் அல்லது எக்ஸாஸ்ட் பக்கம் குளிர்விக்கும் தண்ணீர் கசிகிறது. அது வேறு வேலை.

இதைப் படிக்கும் ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜெக்ஷன் மோட்டார்காரர்களுக்கு: உங்களுக்குக் கார்புரேட்டருக்குப் பதில் ஆவி பிரிக்கும் சிறு டேங்க் இருக்கும், அதற்குள்ளோ அருகிலோ உயர் அழுத்தப் பம்ப். பம்புக்குக் குளிர்ச்சியும் மசகும் பெட்ரோல்தான் தருகிறது. தண்ணீரோடு திரும்பத் திரும்பச் சாவி போட்டால் பம்பும் இன்ஜெக்டர்களும் துருப்பிடிக்கும், செலவு பல மடங்கு. வடிக்கும் திருகு இருந்தால், கையேட்டில் சொன்னபடி அழுத்தத்தை இறக்கிவிட்டு வடியுங்கள். தண்ணீரோடு பல நாள் நின்ற மோட்டார் என்றால் இன்ஜெக்டர்களைக் கழற்றித் தெளிப்பு சோதனைக்குக் கொடுப்பது நல்லது.

தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் படகில் இல்லையென்றால் இப்போதே போடுங்கள். 10 மைக்ரான், திருகி மாட்டும் வகை, அடியில் கண்ணாடிபோன்ற கோப்பையும் வடிகுழாயும் உள்ளது. உங்கள் மோட்டாரின் முழு வேக ஓட்டத்துக்குப் போதுமான அளவு என்று பெட்டியில் பார்த்து வாங்கவும். டேங்குக்கும் பல்புக்கும் நடுவில், செங்குத்தாக, கருவியின்றிக் கை போகும் இடத்தில் பொருத்துங்கள். பைக்கிலும் காரிலும் போடும் சிறு காகித ஃபில்டர் தண்ணீரை நிறுத்தாது. இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதன் நூல்கள் கிழிந்து ஜெட்டுக்குப் போகும். பெட்ரோல் தாங்கும் பசை போதும். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று கையாலேயே இறுக்குங்கள். 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றலாம். தண்ணீர் பார்த்த ஃபில்டரை உடனே மாற்ற வேண்டும். ஒன்று நினைவிருக்கட்டும்: துளியாக வரும் தண்ணீரைத்தான் அது பிடிக்கும். எத்தனாலில் கரைந்து வருவது எந்த ஃபில்டருக்கும் அகப்படாது. கோப்பை நிரம்பிய பிறகு வருவதும் நேராக மோட்டாருக்குத்தான்.

நடுக்கடலில் நின்றால் முதலில் நங்கூரம், பிறகுதான் ஸ்பேனர். ஃபில்டர் கோப்பையை ஒரு பாட்டிலில் வடித்து, கார்புரேட்டரின் அடித் திருகைத் திறந்து வடித்து, பல்பை இறுகும்வரை அழுத்தி ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடினால் அலையை அணியத்தில் வாங்காமல், குலுங்கல் குறைவான திசையில், குறைந்த வேகத்தில் வாருங்கள். இதைவிட நல்லது தனி டேங்கில் சீல் செய்த 10 லிட்டர் பெட்ரோலும், மாற்று ஃபில்டரும், அதைக் கழற்றும் பட்டையும் படகில் எப்போதும் இருப்பது.

தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டால் பலரும் டேங்குக்குள் காற்று குளிர்ந்து வியர்ப்பதைச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 30 கிராம் நீராவி வைத்திருக்கும். டேங்கில் 100 லிட்டர் காலியிடம் என்றால் அதிலுள்ள மொத்த நீராவி 3 கிராம். அது 20 டிகிரிக்குக் குளிர்ந்தாலும் துளியாக விழுவது ஒன்றரை கிராம்கூட வராது. அடுத்த நாள் உள்ளே வரும் புதுக் காற்றும் டேங்கில் சிறு பங்குதான். லிட்டர் கணக்கில் தண்ணீர் எடுத்துவிட்டு வியர்வை மேல் பழிபோட முடியாது. தளத்தில் குழிவாகப் பதித்த மூடியின் ஓ-ரிங், மூடியிலிருந்து டேங்குக்கு இறங்கும் ரப்பர் குழாயின் வெடிப்பு, முன்னோக்கித் திரும்பிய காற்றுக்குழாய் வாய், மழையில் திறந்து கிடந்த தனி டேங்கின் காற்றுத் திருகு, வெளியே வைத்த கேன்கள் இவைதான் வழக்கமான வழிகள். காற்றுக்குழாய் மேலே ஒரு வளைவு எடுத்து, பின்னோக்கி முடிய வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் லாரி எண்ணெய் இறக்கிக்கொண்டிருக்கும்போது நிரப்பாமல் இருப்பதும் நல்லது. அடியில் தங்கியதெல்லாம் கலங்கி மேலே வரும் நேரம் அது.

ஆல்கஹால் சேர்ந்த தண்ணீர் உறிஞ்சும் பாட்டில் மருந்துகள் டேங்கைத் துடைத்த பிறகு மிஞ்சும் ஈரத்துக்கு உதவும். லிட்டர் கணக்கில் கிடக்கும் தண்ணீருக்கு அவற்றால் ஒன்றும் ஆகாது. எடுத்த பெட்ரோலைக் கடலிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள். எத்தனால் இல்லாதது என்றால் தெளியவைத்துப் பிரித்துக்கொள்ளலாம், மற்றதைக் கழிவெண்ணெய் எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

நீண்ட நாள் நிறுத்தும்போது கார்புரேட்டர் மோட்டார் என்றால் ஹோஸைக் கழற்றி, பெட்ரோல் தீர்ந்து நிற்கும்வரை ஓடவிட்டு, பிறகு அடித் திருகைத் திறந்து மிச்சத்தை வடித்துவிடலாம். இன்ஜெக்ஷன் மோட்டாரை அப்படிக் காய ஓட்டாதீர்கள், பம்ப் கெடும்.

மூடி, குழாய், கேன் எல்லாம் சரிசெய்த பிறகும் கோப்பையில் மறுபடி தண்ணீர் சேர்ந்தால், டேங்கையே சந்தேகிக்க வேண்டும். அடியில் உப்புத் தண்ணீர் நெடுநாள் கிடந்த அலுமினிய டேங்கில் ஊசிமுனைத் துளைகள் விழும். படகின் அடித்தட்டில் தண்ணீர் நிற்கும்போது அவ்வழியே உள்ளே ஏறும். பெட்ரோல் வாடை படகுக்குள் அடித்தால் துளை வெளியேயும் கசிகிறது. அந்த டேங்கோடு கடலுக்குப் போகாதீர்கள். டேங்கைக் காலி செய்து, அனுபவமுள்ள ஒருவரிடம் 0.2 பார் தாண்டாமல் காற்றழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். அழுத்தம் இறங்கினால் ஒட்டு வேலை வேண்டாம், டேங்கை மாற்றிவிடுங்கள்.